வேலூரிலிருந்து ஒரு ரெகே திருவிழாவுக்கு: கிளம்புமுன் எல்லாரும் கேட்கும் கேள்விகள்

ஜனவரிக் கடைசியில் நாங்கள் நாலு பேர் காட்பாடியில் ரயிலேறி, கோவாவில் திறந்தவெளியில் நடந்த ரெகே இசை விழா ஒன்றுக்குப் போய்வந்தோம். நான், தங்கச்சி, என் கல்லூரித் தோழி, எங்கள் சித்தப்பா. குடியாத்தத்தில் முப்பது வருஷம் மைக் செட் வைத்திருந்தவர் சித்தப்பா. அவர் கூட வருகிறார் என்றதும்தான் அம்மா சரி என்றார். திரும்பி வந்ததிலிருந்து ஆபீஸிலும் சொந்தக்காரர் கல்யாணத்திலும் ஒரே கேள்விகளை ஆளாளுக்குக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு போட்டு முடியவில்லை. எழுதி வைத்துவிட்டேன்.

ரெகே என்றால் என்ன? டி-ஷர்ட்டில் இருக்கும் அந்தச் சடைமுடிக்காரர் பாட்டுதானே?

அவர் பாட்டும்தான். பாப் மார்லி 1945 இல் பிறந்தார், 1981 இல் புற்றுநோயால் இறந்தார். 36 வயதுதான். ஆனால் ரெகே அவரோடு தொடங்கியதும் இல்லை, அவரோடு முடிந்ததும் இல்லை. கரீபியன் கடலில் இருக்கும் ஜமைக்கா என்கிற சின்னத் தீவு 1962 ஆகஸ்டில் பிரிட்டனிடமிருந்து விடுதலை அடைந்தபோது அங்கே ஓடிக்கொண்டிருந்தது 'ஸ்கா' என்ற துள்ளல் இசை. 1966 வாக்கில் அது வேகம் குறைந்து 'ராக்ஸ்டெடி' ஆனது. 1968 இல் த மேட்டல்ஸ் குழு தன் பாட்டுத் தலைப்பிலேயே 'ரெகே' என்ற சொல்லை வைத்தது. எழுபதுகளில் நடை இன்னும் நிதானமாகி, அடிக்குரலில் முழங்கும் பேஸ் கிட்டார் முன்னால் வந்து நின்றது. கிங்ஸ்டன் நகரத்தின் ஏழைக் குடியிருப்புகளில் பிறந்த இசை அது. 2018 இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் அதைச் சேர்த்துக்கொண்டது.

"இன்னாம்மா, எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி போய்கினு கீது?"

முதல் நாள் சாயங்காலம் சித்தப்பா கேட்டது இது. பாதி சரி.

நாலு எண்ணிப் பாருங்கள். நமக்கு 'ஒன்று' என்கிற இடத்தில்தான் கை விழும். ஆதி தாளத்தில் சமம், அதாவது தாளம் தொடங்குகிற இடம், அங்கே, மேளக்காரரின் முதல் அடியும் அங்கேதான். ரெகேவில் 'ஒன் ட்ராப்' என்றொரு அடி உண்டு. அதில் அந்த ஒன்று காலி. பெரிய டிரம் மூன்றில் வந்துதான் விழும். இரண்டிலும் நாலிலும் கிட்டார் 'சக், சக்' என்று வெட்டிவிட்டுப் போகும். மீதி இடத்தில் பேஸ் கிட்டார் உலாவும். கச்சேரியில் அனாகத எடுப்பு, அதாவது சமம் கடந்த பிறகு பாட்டு தொடங்குவது, கேட்டுப் பழகினவர்களுக்கு இந்தக் காலி இடம் பயமுறுத்தாது. மற்றவர்களுக்கு ஒரு மணி நேரம் ஆகும். பாடுகிறவர் குரலையே தேடிக்கொண்டிருந்தால் சலித்துவிடும். பேஸ் போகிற வழியிலேயே காதை விட்டால், ஒவ்வொரு பாட்டும் ஒவ்வொரு ஆளின் நடை மாதிரி வேறு வேறாகத் தெரிய ஆரம்பிக்கும்.

மீதிப் பாதியில் சித்தப்பா சொன்னதே சரி. ஜமைக்காவில் 'ரிடிம்' என்று ஒரு வழக்கம். பேஸும் டிரம்மும் சேர்ந்த ஒரே பின்னணியை வைத்துக்கொண்டு பத்துப் பேர், இருபது பேர் தங்கள் தங்கள் சொற்களைப் போட்டுப் பாடுவார்கள். அதைத் திருட்டு என்று யாரும் நினைப்பதில்லை. ஆடி மாதம் அம்மன் பாட்டுக் கேசட்டில் சினிமா மெட்டு எத்தனை முறை வந்து போயிருக்கிறது என்று ஞாபகப்படுத்தினேன். "அப்போ செரி" என்றார்.

சவுண்டு சிஸ்டம், சவுண்டு சிஸ்டம் என்கிறார்களே, அது என்ன? வீட்டில் இருக்கிற மாதிரியா?

இதைத்தான் நான் நீட்டிச் சொல்ல ஆசைப்படுகிறேன். அவசரமாக இருப்பவர்கள் அடுத்த கேள்விக்குப் போகலாம்.

1940களின் கடைசியில் கிங்ஸ்டனில் வாத்தியக் கோஷ்டியை அமர்த்துவது காசுள்ளவர்களால்தான் முடியும். மற்றவர்களுக்காகச் சிலர் காலி மனையில் ஆள் உயரப் பெட்டிகளை அடுக்கி, ரெக்கார்டு சுழலவிட்டு, வாசலில் காசு வாங்கி, ஓரத்தில் சாப்பாடும் குடிக்கவும் விற்றார்கள். பெட்டி, ஆம்ப்ளிபயர், ரெக்கார்டு, அதை இயக்கும் ஆட்கள் எல்லாம் சேர்ந்த மொத்தத்துக்குப் பெயர் சவுண்டு சிஸ்டம். டியூக் ரீட் என்பவர் போலீசில் இருந்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர். அவருக்குப் போட்டி காக்சன் டாட். பின்னாளில் ஸ்டுடியோ ஒன் என்ற ஒலிப்பதிவுக் கூடத்தைத் தொடங்கியவர் அவர்தான். அமெரிக்காவிலிருந்து புது ரெக்கார்டு வந்தால் எதிராளிக்குப் பெயர் தெரியக்கூடாது என்று நடுவில் இருக்கும் லேபிளைச் சுரண்டிவிடுவார்களாம். இதைச் சொன்னதும் சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார். கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு இரண்டு செட்டுகாரர்கள் எதிரெதிரே பாக்ஸ் கட்டும்போது, இவரும் கேசட் அட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வாராம்.

ஒரு குழப்பம் மட்டும் தீர்த்துக்கொள்ளுங்கள். நம்மூரில் டிஜே என்றால் பாட்டு போடுகிறவர். அங்கே பாட்டு போடுகிறவர் 'செலக்டர்'. மைக்கைப் பிடித்துப் பாட்டுக்கு நடுவே பேசி, வம்பிழுத்து, சந்தம் போடுகிறவர்தான் 'டீஜே'. கூத்தில் கட்டியக்காரன் செய்கிற வேலை. ஒரு பாட்டு கூட்டத்துக்கு ரொம்பப் பிடித்துவிட்டால் கத்துவார்கள். செலக்டர் பாதியில் நிறுத்தி முதலிலிருந்து போடுவார். அந்தக் கால நாடகக் கொட்டகையில் 'ஒன்ஸ்மோர்' கேட்ட தாத்தாக்கள் இருந்திருந்தால் முன் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள்.

எனக்குப் பிடித்தவர் கிங் டப்பி. ரேடியோ, ஆம்ப்ளிபயர் ரிப்பேர் செய்தவர், டிரான்ஸ்பார்மருக்குத் தானே காயில் சுற்றியவர். ஏற்கனவே பதிவான பாட்டிலிருந்து குரலை உருவிவிட்டு, பேஸையும் டிரம்மையும் மட்டும் விட்டு, நடுநடுவே ஒரு சொல்லை மட்டும் எதிரொலியில் மிதக்கவிட்டு 'டப்' என்ற இசையையே உருவாக்கினவர்களில் முக்கியமானவர். மிக்ஸிங் மேசையையே வாத்தியமாக வாசித்தார் என்று சொல்லலாம். 1989 இல் அவர் வீட்டு வாசலிலேயே யாரோ சுட்டுக் கொன்றுவிட்டார்கள். சோல்டரிங் அயர்ன் பிடித்த கை ஒரு இசையை உண்டாக்கியது என்பதைச் சித்தப்பா வழி நெடுக நாலு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

ஏன் கோவா? சென்னையில் நடக்காதா?

சின்ன நிகழ்ச்சிகள் சென்னையிலும் பெங்களூரிலும் அவ்வப்போது நடக்கும். இரண்டு மூன்று நாள் வெளியில் தங்கிக் கேட்கிற அளவில் என்றால் கோவாதான் பழகின இடம். டெல்லியைச் சேர்ந்த ரெகே ராஜாஸ் குழுவினர் 2016 இல் அங்கே கோவா சன்ஸ்பிளாஷ் என்ற ரெகே விழாவைத் தொடங்கினார்கள். 'சன்ஸ்பிளாஷ்' என்ற பெயருக்கே ஒரு வம்சம் உண்டு. ஜமைக்காவில் 1978 இல் ரெகே சன்ஸ்பிளாஷ், இத்தாலியில் 1994 இல் தொடங்கி 2010 இல் ஸ்பெயினுக்குக் குடிபெயர்ந்த ரோட்டோடாம் சன்ஸ்பிளாஷ், பிறகு இது. எந்த விழாவானாலும் அந்த வருஷம் நடக்கிறதா, எங்கே நடக்கிறது என்பதை ஏற்பாட்டாளர்களின் அறிவிப்பில் பார்த்துவிட்டுத்தான் ரயில் டிக்கெட் போடுங்கள். இடம் மாறும், தேதி மாறும்.

எப்படிப் போவது? எத்தனை நாள் லீவு?

சனி, ஞாயிறு விழா என்றால் வெள்ளியும் திங்களும் போய்விடும். காட்பாடியிலிருந்து பெங்களூரு, அங்கே யஷ்வந்த்பூரில் வாஸ்கோ ரயில். ஹுப்ளி, லோண்டா தாண்டி மலையிறங்கும்போது தூத்சாகர் அருவியை ஒட்டியே ரயில் போகும். ஜனவரியில் தண்ணீர் அவ்வளவாக இருக்காது, ஆனாலும் கதவோரம் நிற்கலாம். மட்காவில் இறங்கினால் தெற்குக் கோவா பக்கம். விழா வடக்கே என்றால் அங்கிருந்து இன்னும் நல்ல தூரம் ரோட்டில் போக வேண்டும், அதற்குத் தனியாகப் பணம் ஒதுக்கி வையுங்கள். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. பொங்கல் முடிந்து ஊர் திரும்புகிறவர்களோடு மோத வேண்டியிருப்பதால் திறக்கிற அன்றே போட்டுவிடுங்கள்.

தங்குவது கூடாரத்திலா, அறையிலா?

அறை.

நாங்கள் கூடாரம் எடுத்தோம். வாடகைக்குக் கொடுத்தவர் ஜிப் அறுந்த கூடாரத்தைக் கொடுத்துவிட்டு மறுநாள் போனே எடுக்கவில்லை. பகலில் வெயிலைத் தாங்கிவிடலாம், வேலூர்க்காரர்களுக்கு வெயிலைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டாம். ராத்திரி கடலோரப் பனிதான் மோசம். காலையில் எழுந்தால் போர்வையைப் பிழியலாம் போல இருந்தது. சித்தப்பா மட்டும் கூடாரத்துக்குள்ளேயே போகவில்லை. கூத்துக்குப் போகிற மாதிரி கோரைப்பாயும் தலைக்குத் துண்டுமாக வெளியிலேயே படுத்தார். எங்களில் நன்றாகத் தூங்கினது அவர் ஒருவர்தான்.

என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

பாய், கெட்டிப் போர்வை, குல்லா, டார்ச்சு, பவர் பேங்க், கால் மூடிய செருப்பு, காதுக்கு அடைப்பான், தண்ணீர் பாட்டில், ஓமவாட்டர். வெள்ளைச் சட்டை வேண்டாம், செம்மண்.

நுழைவில் மணிக்கட்டில் ஒரு துணிப்பட்டை கட்டுவார்கள். அதைக் கடைசி நாள் வரை கழற்றக்கூடாது, கழற்றினால் மறுபடி உள்ளே விடமாட்டார்கள். "காப்பு கட்டியாச்சி, இனி ஊர் எல்லைய தாண்டக்கூடாது" என்று சித்தப்பா அறிவித்துவிட்டார். பக்கத்தில் நின்ற மங்களூர்ப் பையனுக்கு அதை மொழிபெயர்த்துச் சொல்ல எனக்குக் கால்மணி நேரம் ஆனது.

விடிய விடிய நடக்குமா?

நடக்காது. ஒலி மாசு பற்றிய மத்திய அரசு விதிகள் 2000 ஆம் ஆண்டு வந்தவை. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக மாநில அரசு வருஷத்தில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்த்தலாம், அவ்வளவுதான். எங்கள் விழாவில் சரியாகப் பத்துக்குப் பெரிய மேடை அடங்கியது. அதற்கு மேல் கேட்க விரும்பினவர்கள் அடைத்த அரங்குக்குப் போனார்கள். சில இடங்களில் ஆளுக்கு ஒரு ஹெட்போன் கொடுத்து ஆடவிடுகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் சத்தமே இல்லாமல் இருநூறு பேர் தலையாட்டுவது கொஞ்சம் அச்சமாக இருக்கும்.

நம்மூர்த் திரௌபதியம்மன் கோயிலில் பகலெல்லாம் பாரதப் பிரசங்கம், ராத்திரியெல்லாம் கூத்து என்று நடக்கிறதே என்று கேட்பீர்கள். அது அம்மனுக்கும் காவல் நிலையத்துக்கும் உள்ள கணக்கு, நாம் தலையிட வேண்டாம்.

காது போய்விடாதா?

கவனிக்காவிட்டால் போகும். 85 டெசிபல் சத்தத்தை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது பணியிடங்களுக்கு அமெரிக்க ஆய்வு நிறுவனம் சொல்லும் அளவு. 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்குக் கால்மணி நேரம்தான். பெட்டி அடுக்குக்கு நேர் முன்னால் நிற்காதீர்கள். அடைப்பான் போட்டால் பாட்டு போய்விடுமே என்ற கவலை வேண்டாம். பேஸ் காதுக்கு வருவதற்கு முன்னால் நெஞ்சுக்கூட்டுக்கு வந்துவிடுகிறது. சித்தப்பாவுக்கு இடது காது ஏற்கனவே மந்தம், முப்பது வருஷக் குழாய் ஒலிபெருக்கியின் பரிசு. அவரே எங்கள் மூன்று பேரையும் அதட்டி அடைப்பான் போடவைத்தார்.

அம்மாக்கள் எல்லாரும் கேட்பது: "அங்க கஞ்சா இருக்குமாமே?"

ஒளிக்காமல் சொல்கிறேன். ஜமைக்காவில் ராஸ்தபாரி என்ற சமயம் உண்டு. 1930 நவம்பர் 2 அன்று எத்தியோப்பியாவின் பேரரசராக முடிசூடிய ஹைலி செலாசியை இறைவனாகக் கொள்கிறவர்கள். முடிசூடுமுன் அவர் பெயர் ராஸ் தபாரி. சிவப்பு, மஞ்சள், பச்சை எத்தியோப்பியக் கொடியின் நிறங்கள். அவர்களுக்கு அந்தப் புகை வழிபாட்டின் ஒரு பகுதி. ரெகே பாட்டுகளில் பெரும்பங்கு அந்தச் சமயத்திலிருந்து வந்ததால் இந்தப் பேரும் சேர்ந்துகொண்டது.

அந்தச் செடிக்கு அங்கே வழங்கும் பெயரே 'கஞ்சா'தான் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். 1845 முதல் 1917 வரை சுமார் 36,000 இந்தியர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் ஏற்றி ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோனார்கள். பெரும்பாலோர் வட இந்தியர், மதராஸிலிருந்து போனவர்களும் உண்டு. சொல்லும் செடியும் அவர்களோடு போனவை. நம் வட ஆற்காட்டுக்காரர்கள் இதே ஒப்பந்தத்தில் அதிகம் போய்ச் சேர்ந்தது தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு. அந்தக் கதையைத் தெரிந்த குடும்பங்கள் இங்கே இன்னும் இருக்கலாம், யாரும் எழுதிவைக்கவில்லை.

சட்டத்துக்கு வருவோம். 1985 ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி கஞ்சாவைக் கையில் வைத்திருந்தாலே குற்றம். சின்ன அளவானாலும் ஒரு வருஷம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். கோவாவுக்குத் தனிச் சட்டம் கிடையாது. யாராவது பையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் பார்த்துக்கொள்ளாதீர்கள். நாங்கள் எதையும் தொடவில்லை, இசை குறையவும் இல்லை.

பெண்கள் தனியாகப் போகலாமா?

குறைந்தது இரண்டு பேராகப் போங்கள். விழா வளாகத்துக்குள் எங்களுக்குத் தொந்தரவு எதுவும் வரவில்லை. தொந்தரவெல்லாம் வெளியே, ராத்திரி பதினொரு மணிக்கு வண்டி தேடி நிற்கிற ரோட்டில்தான். திரும்பும் வண்டியை மாலையிலேயே பேசி வையுங்கள். போன் சார்ஜ் தீர்ந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்று ஒரு இடத்தை முதலிலேயே முடிவுசெய்யுங்கள். நாங்கள் தேர்ந்தெடுத்தது இளநீர்க் கடை. இதையெல்லாம் பெண்களுக்கு மட்டும் சொல்ல வேண்டியிருப்பது எரிச்சல்தான், ஆனாலும் சொல்கிறேன்.

சாப்பாடு?

ஜமைக்காவின் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு தேங்காய்ப்பாலில் வெந்த சோறும் சிவப்புக் காராமணி போன்ற பயறும். விழாவில் கிடைத்தது, தேங்காய்ப்பால் சாதம் தெரிந்த நாக்குக்கு அந்நியமாகத் தெரியாது. ஆட்டுக்கறிக் குழம்பு அங்கே விசேஷ வீட்டுச் சாப்பாடு, அதுவும் நம்மவர்கள் கொண்டுபோனது. ராஸ்தபாரிகளில் பலர் கறி தொடமாட்டார்கள், சிலர் உப்பும் சேர்க்கமாட்டார்கள். அவர்கள் விரும்பிச் சாப்பிடும் 'கல்லலூ' என்ற கீரை என்ன தெரியுமா? ஜமைக்காவில் அது நம் குப்பைக்கீரை. வேலியோரம் முளைப்பதைப் பறித்துத் துவட்டல் செய்வோமே, அதேதான். விழாக் கடையில் ஒரு கிண்ணம் என்ன விலை என்று கேட்டுவிட்டுத் தங்கச்சி திரும்பி வந்துவிட்டாள்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். வாத்தியக் கோஷ்டிக்குக் காசில்லாதவர்கள் உண்டாக்கின இசையைக் கேட்க, நாங்கள் ஆளுக்கு ஒரு வாரச் சம்பளம் செலவழித்தோம். குப்பைக்கீரை விலையைப் பார்த்தபோது அது உறுத்தியது. கூத்துக்கு டிக்கெட் கிடையாது, பாய் விரித்தால் இடம்.

பாட்டின் வார்த்தை ஒன்றும் புரியவில்லையே?

அது ஜமைக்காவின் பேச்சுமொழி, ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கே பாதிதான் புரியும். "கீது, போய்கினு" என்று நாம் பேசுவதைப் பார்த்து மற்ற மாவட்டத்துக்காரர்கள் முழிப்பார்களே, அப்படி வைத்துக்கொள்ளுங்கள். பிடித்த பாட்டுக்கு வந்த பிறகு வரிகளைத் தேடிப் படியுங்கள். பசி, வாடகை, போலீஸ் அடி, அடிமைக் கப்பல் என்று இருக்கும். சிரித்துக்கொண்டே தலையாட்டின மெட்டில் இதையா பாடினார்கள் என்று தோன்றும்.

ஆடத் தெரியாதே?

முழங்காலைக் கொஞ்சம் மடக்கி நின்ற இடத்திலேயே மாறி மாறிக் கால் வையுங்கள். அவ்வளவுதான் எல்லாரும் செய்கிறார்கள்.

நம்ம பக்கமே ஒன்று நடத்தினால் என்ன?

ரயில் பெங்களூரைத் தாண்டினதிலிருந்து சித்தப்பா இதற்குத்தான் கணக்கு போட்டார். ஏலகிரி குளிர்ச்சி, ஆனால் பதினாலு கொண்டை ஊசி வளைவில் பாக்ஸ் லாரி ஏற வேண்டும். ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது, தொலைநோக்கிக்கு இருட்டு வேண்டும், அந்தப் பக்கம் விளக்கு போட்டால் பாவம். பாலாற்று மணல்தான் இயற்கையான மைதானம் என்றார் தோழி. ஆற்றுக்குள் பந்தல் போட அனுமதி வாங்குவதற்குள் ஆற்றில் தண்ணீரே வந்துவிடும் என்றேன். மாதம் மட்டும் முடிவாகிவிட்டது: தை, பொங்கல் கழித்து. சித்திரையில் வைத்தால் ஆம்ப்ளிபயரும் ஆளும் சேர்ந்தே சூடாகிவிடும்.

போன வாரம் குடியாத்தத்தில் பரணிலிருந்து பழைய பாக்ஸ் இரண்டை இறக்கி, ஒயர் மாற்றி, பென் டிரைவில் கிங் டப்பியைப் போட்டு வாசலில் வைத்துப் பார்த்திருக்கிறார். ரெண்டாவது பாட்டிலேயே எதிர் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தாராம்.

"இன்னா அண்ணே, பாட்டு விட்டு விட்டு வருது? எங்கியோ ஒயர் லூசா கீது, பாரு."